ஒரே போர்வை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி ஃப்ரிட்ஜின் மேல்தட்டு முழுக்க வழிந்திருந்தது. காலைப்பொழுது அதைத் துடைப்பதிலேயே போய்விட்டது. அப்புறம் நித்திலாவைக் கபடிப் பயிற்சிக்கு மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அவளுடைய அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டாள்.

"உங்கம்மா நியூஸ் சேனல்லதான வேலை பாக்குறாங்க? ஏன் டிவில வர்றதே இல்ல?"

நித்திலா ஷூ லேசைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "டிவில வராததையெல்லாம் பாக்குறதுதான் எங்கம்மா வேலை."

பதினைந்து வயதுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். விபத்து, தீ, வெள்ளம் என்று எது நடந்தாலும் அங்கே எடுத்த படம் முதலில் என் மேசைக்கு வரும். இறந்தவர்களின் முகங்கள் மீது நான் பிளர் போட்ட பிறகுதான் அதை ஊர் பார்க்கும். எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர் ஒரு மழைக்காலம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நான் பல வருடங்களாக இருக்கிறேன். எனக்கென்று ஒரு முறை வைத்திருப்பதுதான் காரணம். ஒலியைத் திறக்க மாட்டேன். படத்தை ஓடவிட மாட்டேன். ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி நகர்த்துவேன். நின்றுபோன படம் வெறும் படம்தான். முகத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது மட்டும்தான் என் கவலை. அதனால் மற்றவர்களுக்கு ஆனதுபோல எனக்கு எதுவும் ஆகவில்லை.

மதியம் இவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் தூங்கினார். குறட்டை திடீரென்று நின்றது. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கொசு இருந்த மாதிரி இருந்ததால் கையைக் கொண்டுபோனேன். விழித்துவிட்டார்.

"இருக்கேன்டி வல்லி. ரயில்வேல பென்ஷன் வாங்காம எங்கயும் போறதா இல்ல."

"கொசு," என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வஞ்சிரம் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். பலகையில் ஈரத்துணி போர்த்தி வரிசையாக வைத்திருந்தார்கள். விலை அதிகம்.

ஆகஸ்ட் 6, புதன்

மலையில் சோலைமட்டம் எஸ்டேட்டில் நேற்று விடிவதற்கு முன் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பின் மேல்வரிசையை மூடிவிட்டது. இன்று காலை தேவசகாயத்தின் படங்கள் வந்தன. அந்தப் பகுதிக்கு எங்கள் கேமராக்காரர் அவர்தான். அடுத்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், எங்கள் சேனலுக்கும் எடுத்து அனுப்புவார். படத்தை அனுப்பிவிட்டு உடனே ஒரு நகைச்சுவைத் துணுக்கையும் அனுப்புவது அவர் வழக்கம். இன்றும் அனுப்பியிருந்தார். நான் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன். இருவரும் ஒருபோதும் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

எஸ்டேட் பள்ளிக்கூடத்துக் கூடம். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தரையில் கிடத்தியிருந்தார்கள். போர்வைகள் போதவில்லை போலிருக்கிறது. கடைசியில் இரண்டு பெண்கள் ஒரே போர்வையின் கீழ் இருந்தார்கள். முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி மிகவும் நெருக்கமாக இருந்ததால் இரண்டையும் ஒரே வட்டத்தில் அடக்கிவிட்டேன். ஒருத்தியின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், பச்சை முகப்பு. கையை மறைக்க வேண்டும் என்று விதி இல்லை. விட்டுவிட்டேன்.

மதியச் செய்திக்குள் முடித்துக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் பரந்தாமன் சார், "சுத்தமா இருக்கு வல்லி," என்றார். இந்த மேசையில் கிடைக்கும் பாராட்டு இதுதான்.

வருகிற வழியில் நித்திலாவுக்கு முட்டிக் கவசம் வாங்கினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வீட்டிலிருந்த வெள்ளைப் போர்வைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். அழுக்கு சீக்கிரம் தெரிகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தேவசகாயம் அழைத்தார். அவர் அழைக்கவே மாட்டார்.

"அக்கா, சாப்டீங்களா?"

"சாப்பிட்டாச்சு. என்ன விஷயம்?"

"அந்த ஸ்கூல்ல, கடைசில, ஒரே போர்வைல ரெண்டு பேரு இருந்தாங்கள்ல? நீங்க சேத்து பிளர் போட்டது."

"ஆமா."

"அதுல ஒண்ணு இப்ப எம் ஸ்டூடியோவுல எம் முன்னாடி உக்காந்து டீ குடிக்குதுக்கா. சக்கரை பத்தலன்னு என்னையத் திட்டுது."

எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். பேச்சியம்மா என்று பெயர். தேயிலை பறிக்கிறவள். மண்ணுக்குள் போனது அவள் தங்கை மாரி. விடியற்காலையிலிருந்து பேச்சியம்மாவும் மற்றவர்களுமாகக் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி, சாயங்காலம்தான் எடுத்திருக்கிறார்கள். கூடத்தில் கொண்டுவந்து கிடத்திய பிறகு, தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், மறுநாள் காலை குளிர் தாங்காமல் அந்தப் போர்வைக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டாள். அந்த நேரத்தில்தான் தேவசகாயம் உள்ளே போயிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியலையா?" என்றேன்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னக்கா. நான் அந்த மாதிரி எடத்துல கேமராவ நீட்டிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவேன். காதுல பாட்டு ஓடும். வீட்டுக்கு வந்து ஃபோகஸ் சரியா இருக்கான்னு மட்டும் பாப்பேன். அதையும் சின்னதாத்தான் வச்சுப் பாப்பேன்."

அப்படியானால் எங்கள் இருவரில் யாருமே பார்க்கவில்லை. கேமரா மட்டும் பார்த்திருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. பேச்சியம்மாவின் மகன் தங்கபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மலையில் டவர் விழுந்து போன் எதுவும் வேலை செய்யவில்லை. அவன் பார்த்தது எங்கள் சேனலைத்தான். அந்தக் கைக்கடிகாரம் அவன் கட்டிக்கொண்டிருந்தது, போன பொங்கலுக்கு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தது. கையைப் பார்த்தான். பக்கத்தில் என் பிளரைப் பார்த்தான். பிளர் என்றால் என்ன அர்த்தம் என்று இன்று யாருக்குத்தான் தெரியாது. மொட்டையடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

"வந்து எறங்குறான், ஆத்தா எதிர்ல நிக்குது. பேயடிச்ச மாதிரி நிக்கிறான். அது என்ன நெனச்சிருச்சு தெரியுமா? சித்திக்குப் புள்ள இல்லன்னு இவன் மொட்டை போட்டு வந்திருக்கான்னு. ஓடிப் போயிக் கட்டிப் புடிச்சு அழுவுது. அவன் எப்பிடி உண்மையச் சொல்லுவான்? நேத்துதான் சொல்லியிருக்கான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டதா இருக்கட்டும்டான்னுச்சு."

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினேன். யாரோ கதவைத் தட்டும் வரை கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நின்றுபோன படத்தில் யாருமே மூச்சு விடுவதில்லை. உயிருள்ளவர்களும்தான். இது இத்தனை வருடமாக எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கபடியில் எதிரணிக் கட்டத்துக்குள் போகிறவள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். இன்று முதன்முறையாக நித்திலாவை முன்னால் அனுப்பினார்கள். பாடிக்கொண்டு போனாள். குரல் மெலிதாகிக்கொண்டே போனது. ஒருத்தி காலைப் பிடித்தாள், உடனே மற்ற எல்லோரும் அவள்மேல் விழுந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து பாட்டுச் சத்தம் நின்றது.

வெயில் அதிகமாக இருந்ததால் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம் என்று உள்ளே போனேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "நீ எல்லாரையும் புடிச்சு இழுத்தம்மா. ஆட்டத்துக்கு நடுவுல. கோச் என்ன நெனச்சிருப்பாரு?"

"தண்ணி குடுக்க வந்தேன்."

"பாட்டில் உன் கைலயே இல்ல."

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சாயங்காலம் அவரே காபி போட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

டவர் சரியாகிவிட்டதாம். தங்கபாண்டியின் எண்ணை தேவசகாயம் அனுப்பினார். கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து அழைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். போனை வாங்கிய பேச்சியம்மா அதையெல்லாம் சொல்ல விடவே இல்லை.

"நீதான் எம் மூஞ்சிய மறச்சதா?"

"ஆமாங்க. பெரிய தப்பு நடந்துபோச்சு. உங்க பையன்…"

"ஏம்மா, மறைக்கிற அளவுக்கா அம்புட்டுக் கேவலமா இருந்தேன்?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. சிரிப்பின் கடைசியில் இருமல்.

"விடு தாயி. அசந்து கெடந்தவளப் பாத்தா யாருக்கும் அப்பிடித்தான் தெரியும். எனக்கே முழிச்சப்ப நான் யாருன்னு கொஞ்ச நேரம் தெரியல. அவ சின்ன வயசுலருந்து தனியாப் படுக்க மாட்டா. கல்யாணமாகி புருசன் ஓடிப் போன அன்னைக்கும் எங்கிட்ட வந்துதான் படுத்தா. அதான் அன்னைக்கும் கூடப் படுத்தேன். அம்புட்டுத்தேன்."

அம்புட்டுத்தான் என்பது போலவே சொன்னாள். அந்தக் கூடத்தில் தேவசகாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விளிம்புகளை மட்டும் பார்த்தேன். அவள் போர்வையை விலக்கி உள்ளே போய்ப் படுத்திருக்கிறாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நீ மறைக்கிறதுக்கு முந்தினது இருக்கும்ல? எந் தங்கச்சி மூஞ்சி தெரியிறது."

"இருக்கு."

"அவ போட்டோ ஒண்ணுகூட இல்ல. ரேசன் கார்டு, கல்யாணப் போட்டோ, எல்லாம் வீட்டோட போச்சு. அவ போனும் மண்ணுக்குள்ள. பதினாறாம் நாளு படத்த வச்சு மாலை போடணும். போட்டோக்காரரு ஸ்டூடியோவுல கண்ணத் தொறந்து குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி செஞ்சுக்கலாம். நீ மூஞ்சிய மட்டும் குடு."

சென்னையில் பலருக்குத் தெரிந்திருக்காது. படமே எடுத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு, கடைசியாகக் கிடத்தியபோது எடுத்த படத்தை வைத்து ஸ்டூடியோக்களில் மூடிய கண்களைத் திறந்ததுபோல வரைந்து கொடுப்பார்கள். சுவரில் மாலையோடு தொங்கும் எத்தனையோ படங்கள் அப்படி விழித்தவைதான்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தருவதென்றால் அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பரந்தாமன் சாரிடம் கேட்டேன். மறைக்காத படம் எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. அவரே போட்ட விதி.

"கொடுக்கலாம்," என்றார். "அந்தம்மாவ சாயங்கால நிகழ்ச்சிக்குப் போன்ல கொண்டா. இறந்ததா நெனச்ச தாய், மொட்டையடிச்ச மகன். ரெண்டு பேரையும் ஒரு அஞ்சு நிமிஷம் பேச வை."

"இறந்ததா நினைக்க வச்சது நாம சார்."

"அத விட்டுட்டுப் பேசலாம்."

பேச்சியம்மாவிடம் கேட்டேன். "டிவில பேசுறதுக்கு நான் என்ன சாதிச்சிட்டேன், தூங்குனேன்," என்றாள். நான் வற்புறுத்தவில்லை. சாரிடம் போய், வர மாட்டார்கள் என்றேன். "அப்ப சரி," என்றார். எதற்குச் சரி என்று சொல்லவில்லை.

சர்வரில் பழைய படங்களைத் திங்கட்கிழமை அழிக்கிறார்கள். சோலைமட்டமும் அதில் போய்விடும்.

ஆகஸ்ட் 13, புதன்

அந்தக் கோப்பைத் திறக்க இன்று நேரமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றும் நேரமில்லை. கேன்டீனில் பட்டாணிச் சுண்டல். அடையாள அட்டை தொங்கும் கயிறு அறுந்துவிட்டது, புதிதாக வாங்கினேன்.

தேவசகாயத்திடமிருந்து துணுக்கு எதுவும் வரவில்லை. அதற்குப் பதில், "அக்கா, எடுத்தாச்சா? அது தினம் கேக்குது," என்று ஒரு வரி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இதை நானே நம்ப மாட்டேன்.

விடுமுறை நாள் என்பதால் அலுவலகத்தில் பாதிப் பேர்தான். காலையில் கொடியேற்றியபோது கொடுத்த மிட்டாய் இன்னும் மேசையில் கிடந்தது. மதியம் பரந்தாமன் சார் என் இருக்கைக்கு வந்து நின்றார். "நான் சாப்பிடப் போறேன். அந்தப் பக்கம் அரை மணி நேரம் பாக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்றார். பிறகு போனார்.

கோப்பைத் திறந்தேன். வழக்கம்போலக் கடைசிப் பகுதிக்கு நகர்த்தி நிறுத்தினேன். போர்வை, கை, கடிகாரம். கண் தானாகவே விளிம்புகளைத் தேடிப் போனது. விரலை எடுத்து அந்தப் பொத்தான் மேல் வைத்தேன். ஓடவிடும் பொத்தான். என் விசைப்பலகையில் மற்ற எழுத்துகள் தேய்ந்துபோயிருக்கின்றன. அது புதிதாக இருந்தது.

அழுத்தினேன்.

கேமரா வரிசையின் மேலாக நகர்ந்து வந்தது. எதுவும் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை விழுந்தது, அதைக்கூட இப்போதுதான் பார்க்கிறேன். மழை என்று ஒன்று அந்தப் படத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது. கேமரா கடைசிக்கு வந்து நின்றது.

போர்வையின் ஒரு பாதி உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. இன்னொரு பாதி அப்படியே இருந்தது. ஒரே துணி. நடுவில் ஒரு மடிப்பு. அந்த மடிப்புவரை மூச்சு வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கடல் ஓரத்தில் அலை வந்து நின்று திரும்பும் கோட்டைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு ஒரு போர்வையில் இருந்தது. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இரண்டுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை.

எத்தனை முறை ஓடவிட்டேன் என்று தெரியவில்லை. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. அல்லது பயத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நடந்தது. அதற்கு என்னிடம் சொல் இல்லை.

பிறகு ஒலியைத் திறந்தேன்.

முதலில் ஜெனரேட்டர். மழை. தூரத்தில் யாரோ ஒரு பெண் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். கேமரா கடைசிக்கு வந்து நின்றபோது, அதற்கெல்லாம் அடியில், ஒரு குறட்டை. மெலிதான குறட்டை இல்லை. இவருடைய குறட்டையைத் தோற்கடிக்கும் குறட்டை. நடுவில் தடுக்கி, விசில் அடித்து, மறுபடி பிடித்துக்கொண்டு ஓடியது.

ஹெட்ஃபோனோடு சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து நாச்சியப்பன் எட்டிப் பார்த்தார். சாவுச் செய்திகளுக்கு எங்கள் சேனலில் பின்னணிக் குரல் கொடுப்பவர். "என்னங்க, இந்த மேசைல சிரிப்புச் சத்தம் கேக்குது?"

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். புருவத்தைச் சுருக்கினார். திரையைப் பார்த்தார். முகம் மெல்ல மாறுவதை நான் பார்த்தேன். அவரோடு இத்தனை வருடம் வேலை செய்கிறேன், அவருடைய இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இது அந்தம்மாவா?" என்றார். குரலே வரவில்லை அவருக்கு.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கிராஃபிக்ஸ் அறையிலிருந்து இரண்டு பேர், டிரைவர் ஒருவர். சர்வரை அழிப்பவர்கூட வந்தார். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல ஹெட்ஃபோன் கைமாறியது. கேட்டவர்கள் யாரும் உடனே நகரவில்லை. யாரும் ஜோக்கும் அடிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இது நடந்ததே இல்லை.

பரந்தாமன் சார் எப்போது வந்து நின்றார் என்று கவனிக்கவில்லை. கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கழற்றாமலே, "இன்னொரு தடவ போடு," என்றார்.

கழற்றிக் கொடுக்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நிருபரா இருந்தப்ப ரயில் விபத்து ஒண்ணுக்குப் போனேன். அதுக்கப்புறம் ரயில்ல ஏறினதே இல்ல. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போறதுன்னாலும் பஸ்தான். வீட்ல கேட்டா கழுத்துவலின்னு சொல்லுவேன்."

எனக்கு எதுவும் ஆகவில்லை என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

"முகத்த எடுத்துக்கோ," என்றார் சார். "நான் இன்னும் சாப்பிட்டு வரல."

ஆகஸ்ட் 16, சனி

மாரியின் முகம்.

வீட்டுக் கணினியில் பெரிதாக்கி வைத்தேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் திறந்தேன். "கூட உக்காரட்டுமா?" என்றார். உட்காரச் சொன்னேன். பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினார்.

நாற்பது வயது இருக்கலாம். நெற்றி குறுகலானது. மூக்குத்தி இருந்த இடத்தில் மண். ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று மேலே. வாயோரத்தில் பழைய தழும்பு, சின்ன வயதில் விழுந்ததாக இருக்கும். இத்தனை நாள் நான் வட்டம் வரைந்த முகங்களிலும் இப்படி ஏதாவது இருந்திருக்கும். மச்சம், தழும்பு, ஒரு பக்கம் ஏறிய புருவம்.

கண்ணைத் திறக்கும் வேலையை ஸ்டூடியோவுக்கு விட மனமில்லை. நானே செய்கிறேன் என்று போனில் சொன்னேன். ஆனால் அவள் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எங் கண்ண எடுத்து வையி," என்றாள் பேச்சியம்மா. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு. கண்ணு மட்டும் தெரிய முந்தானையால மூஞ்சிய மறச்சா எங்கப்பனே பேர மாத்திக் கூப்புடுவாரு. ஆனா மொதல்ல மண்ணத் தொடச்சு விட்டுரு. அவ மூஞ்சி கழுவாம வெளிய வர மாட்டா."

தேவசகாயம் அவள் கண்களை எடுத்து அனுப்பினார். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. படம் அசையாமல், கூர்மையாக இருந்தது.

மண்ணைத் துடைப்பதற்கே மதியம் ஆகிவிட்டது. நெற்றி, பிறகு கன்னம், காதோரம். முடிக்கற்றைக்குள் சிக்கியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்தேன். மறைக்கிற வேலையில் கை பழகிய அதே அசைவுகள்தான். ஒவ்வொரு அசைவுக்கும் இங்கே முகம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

கண்களைப் பொருத்தும்போது ஒன்று பார்த்தேன். பேச்சியம்மாவின் கருவிழியைப் பெரிதாக்கியபோது அதற்குள் ஒரு வெளிச்சம் இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். பள்ளிக்கூட வாசல். வாசலுக்கு வெளியே சரிவு, தேயிலைப் பச்சை, மழை விட்ட வானம். நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சின்ன உருவம், தேவசகாயம். ஒரு கண்ணுக்குள் ஒரு மலை முழுக்க இருந்தது. சாதாரணமாக இதை அழித்துவிட்டு வெறும் வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். நான் அழிக்கவில்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம எல்லார் கண்ணுலயும் இருக்குமா?" என்றார்.

"இருக்கும்னு நினைக்கிறேன்."

நித்திலாவும் வந்து எங்கள் நடுவே தலையை நுழைத்தாள். மாரி எங்கள் மூவரையும் பார்த்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சர்வரைத் துடைத்துவிட்டார்கள். சோலைமட்டம் இனி இல்லை.

படத்தை நேற்றே அனுப்பியிருந்தேன். தேவசகாயம் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொண்டுபோனார். சாயங்காலம் பேச்சியம்மாவின் குரல்பதிவு வந்தது. தொடக்கத்தில் நெடுநேரம் ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. அதையே நான் இரண்டு முறை கேட்டேன். பிறகு சொல்கிறாள்:

"வந்துருச்சு தாயி. செவத்துல மாட்டல. படுக்குறப்ப பக்கத்துல வச்சுக்கிருவேன். அவ தனியாப் படுக்க மாட்டால்ல."

ஆகஸ்ட் 21, வியாழன்

நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்த படம் வந்தது. ஒலியைத் திறந்தேன். முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தேன். கிடந்த ஒவ்வொருவரின் நெஞ்சையும் பார்த்தேன். யாரும் மூச்சு விடவில்லை. உறுதி செய்துகொள்ள மறுபடி ஒருமுறை. பிறகு முகங்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக. ஒரு முதியவருக்கு மீசையில் மருதாணிச் சிவப்பு. அதற்குப் பிறகுதான் வட்டம் வரைந்தேன். கையையும் மறைத்தேன்.

முடித்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். நாச்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார்.

மதியச் செய்திக்குத் தாமதமாகிவிட்டது. சார் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நித்திலா இரண்டு பேரைத் தொட்டுவிட்டு மூச்சோடு திரும்பி வந்தாள். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். பாட்டில் கையில் இருந்தது.

பரணிலிருந்து வெள்ளைப் போர்வைகளை இறக்கித் துவைத்துக் காயப்போட்டேன். மதியம் இவர் அதில் ஒன்றை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். துணி உயர்ந்தது, தாழ்ந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொரு முறையும் அதன் மேல் ஏறி இறங்கியது. இருபது வருடமாக என் பக்கத்தில் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. குறட்டை நின்றது. நான் கையைக் கொண்டுபோகவில்லை. காத்திருந்தேன். மறுபடி தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன, கொசுவா?"

"இல்ல," என்றேன். "சும்மாதான் பாத்துட்டிருக்கேன்."